மழைக்காலத்தில் மாடு எங்கே போகும்?

சித்திரை வெயிலில் காய்ந்து இறுகிப்போன மாட்டுச் சாணம் ஒன்றை, ஆடி மாதத்தில் நல்ல மழை ஒன்று பெய்த பிறகு குனிந்து பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் கிடந்தாலும் சரி, மலையடிவாரத்தில் கிடந்தாலும் சரி. மேல்தோடு நனைந்து உப்பி வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் விரல்நுனி உயரத்தில் ஐந்தாறு முளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தடித்த இரண்டு விதையிலைகள், அவற்றின் நடுவே சிறகுபோல் பிரிந்த ஒரு குட்டி இலை. சுற்றியுள்ள மண்ணில் அருகம்புல்கூட இன்னும் தலைகாட்டியிருக்காது. செங்கல்பட்டுப் பக்கத்தில் இந்த முளைக்குப் பெயர் வேலிக்காத்தான். தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலம் என்பார்கள்.

அது சாணத்துக்குள் வந்த வழி நேரானது. கோடையில் வேலிக்காத்தான் நெற்று மஞ்சளாகப் பழுத்து மரத்தடியில் கொட்டும். கடித்தால் இனிக்கும். காடு கழனியெல்லாம் காய்ந்து கிடக்கும் நாளில் மாட்டுக்கு வேறு என்ன வேண்டும்? நெற்றுக்குள் ஒவ்வொரு விதையும் தனித்தனி ஓட்டுக்குள் இருக்கிறது; ஓட்டை உடைத்தால் விதைக்குத் தண்ணீர் புகாத கடினத் தோல். மாட்டின் வயிறு சதையைக் கரைத்து, ஓட்டைக் கழற்றி, தோலையும் கொஞ்சம் இளக்கி, விதையை உயிரோடு வெளியே அனுப்பிவிடுகிறது. கூடவே எருவும் ஈரமும். ஆடும் செம்மறியும் இன்னும் நுணுக்கி மெல்வதால் அவற்றிடம் விதை அதிகம் அரைபட்டுச் சாகிறது. மாட்டிடம் தப்பிப்பவை அதிகம். முளைத்த செடியின் இலையை இவற்றில் எதுவும் விரும்பித் தின்பதில்லை. பழத்தைத் தின்று விதையைப் பரப்பும், இலையைத் தொடாது விட்டுவிடும். ஒரு செடி மேய்ச்சல் விலங்கிடம் இதைவிட நல்ல ஒப்பந்தம் எதிர்பார்க்க முடியாது.

செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றம் பாலைவனம் இல்லை. வேதகிரீசுவரர் மலைமேல் ஏறி நின்றால் சுற்றிலும் ஏரிகளும் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும். நடுநடுவே சார்னோக்கைட் பாறைக் குன்றுகள். ஆண்டு மழை சுமார் 1200 மில்லிமீட்டர். மாமல்லபுரம் கடற்கரை பதினைந்து கிலோமீட்டர்தான். இப்படிப்பட்ட ஊரின் மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கப் பாலைவனத்தின் ஆராய்ச்சியை ஏன் இழுக்க வேண்டும்? காரணம் இரண்டு. ஒன்று, வேலிக்காத்தானும் அங்கே புல்வெளிகளை விழுங்கிய மெஸ்கீட் மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுகள். இரண்டு, புல் போய் முள் வருவது எப்படி என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் ஒரே நிலத்தை விடாமல் பார்த்து எழுதிவைத்த விடை அங்கேதான் இருக்கிறது.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் தெற்கே, லாஸ் குரூசஸ் நகருக்கு அருகில் ஹோர்னாடா ஆய்வு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. 1912-ல் அமெரிக்க வேளாண் துறை அதை ஏற்படுத்தியது. மழை ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் அளவில்தான். அதில் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். 1858-ல் அந்த நிலத்தை அளந்த சர்வேயர்கள், எல்லைக் கற்களுக்கு நடுவே என்ன புல் இருந்தது, எங்கே புதர் இருந்தது என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். பஃபிங்டன், ஹெர்பெல் என்ற இருவர் அந்தக் குறிப்புகளோடு பிற்கால வரைபடங்களையும் 1963-ல் நிலம் இருந்த நிலையையும் ஒப்பிட்டு 1965-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1.45 லட்சம் ஏக்கரில், 1858-ல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நல்ல புல் இருந்தது. 1963-ல் கால் பங்குகூட இல்லை. மீதியெல்லாம் மெஸ்கீட்டும் வேறு இரண்டு புதர்களும்.

நடந்தது என்ன? 1880-களில் ரயில் வந்தது, ஆழ்கிணறு வந்தது, கூடவே மாடுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. பிறகு வறட்சி வந்தது. புல் அடிமட்டம்வரை கடிபட்டது. புல் இருந்தவரை மழைநீரும் மண்சத்தும் நிலம் முழுவதும் ஏறக்குறையச் சமமாகப் பரவி நின்றன. புல் கலைந்ததும் நடுவே வெறும் திட்டுகள் தோன்றின. அந்தத் திட்டில் விழுந்த மழை நிற்காமல் ஓடியது, காற்று மணலை வாரிக்கொண்டு போனது. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் புதரின் அடிதான். இலைச்சருகு, தழைச்சத்து, ஈரம் எல்லாம் புதர்களுக்குக் கீழே குவிந்தன, நடுநிலம் மலடானது. ஷ்லெசிங்கரும் உடனிருந்தவர்களும் 1990-ல் இதை விளக்கமாக எழுதினார்கள். இதில் நமக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. ஆய்வாளர்கள் சில இடங்களில் வேலி அடைத்து மாடுகளை முற்றிலும் வெளியேற்றிப் பார்த்தார்கள். பல ஆண்டுகள் காத்திருந்தும் அங்கே புல் திரும்பவில்லை. மெஸ்கீட்தான் மேலும் பெருகியது.

அதுவரை மேய்ச்சல் அறிவியல் ஒரு படிக்கட்டுக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாடு கூடினால் தாவரங்கள் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும், மாட்டைக் குறைத்தால் அதே படிகளில் மேலேறும் என்பது கணக்கு. 1989-ல் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெயர் என்ற மூவர் வறண்ட நிலங்களுக்கு இது பொருந்தாது என்றார்கள். நிலம் சில நிலைகளில் போய்த் தங்கிவிடும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு பெருமழை, ஒரு தீ, ஒரு வறட்சி, ஒரு மேய்ச்சல் என ஏதாவது ஒன்று தள்ள வேண்டும். தள்ளிய கையை எடுத்துவிட்டால் மட்டும் பழைய நிலை வராது. நம்மூரில் மேய்ச்சலைத் தடைசெய்தால் காடு தானே தழைக்கும் என்று நம்புகிற அதிகாரிகளும் ஆர்வலர்களும் இன்னும் அந்தப் பழைய படிக்கட்டில்தான் நிற்கிறார்கள்.

ஹோர்னாடாவின் 1858 குறிப்பேட்டைப் படிக்கிறபோது பொறாமைப்பட வேண்டியதில்லை. அதற்குத் தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே செங்கல்பட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 1763-ல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பகுதியை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை பார்னார்ட் என்ற பொறியாளரைக் கொண்டு சுமார் 2000 ஊர்களை அளந்தது. ஒவ்வோர் ஊருக்கும் நஞ்சை, புஞ்சை, ஏரி, குளம், தோப்பு, காடு, மலை, தரிசு எவ்வளவு என்று தனித்தனியே பதிவானது. அந்தக் காலத்து ஓலைக் கணக்குகளும் இருக்கின்றன. பக்கத்து ஊரான திருப்போரூரின் ஓலைக் கணக்கு நூலாகவே வந்திருக்கிறது. வரி வாங்குவதற்காக எடுத்த கணக்குதான். இருந்தாலும் எந்த ஊரில் எவ்வளவு நிலம் உழவுக்கு வெளியே கிடந்தது என்று அது சொல்கிறது. அந்த உழாத நிலத்தின் வாரிசுகள்தான் இன்று தாலுகா அலுவலகப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, ஏரிப் புறம்போக்கு என்று இருக்கின்றன. தாவரவியலாளர் யாராவது அந்த அளவைக் குறிப்புகளோடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தால், ஹோர்னாடா கட்டுரைக்கு நிகரான ஒன்று செங்கல்பட்டுக்கும் கிடைக்கும்.

ஆனால் அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே பெயர்த்து நடவும் முடியாது. ஹோர்னாடாவில் புல், மாடு வருவதற்கு முன்பிருந்தே இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் மேட்டு நிலத்தை ஆடு, மாடு, அரிவாள், தீ எதுவும் படாமல் விட்டால் அது புல்வெளியாக நிற்காது. முதலில் காரையும் சூரையும் ஆவாரையும் ஏறும். பல பத்தாண்டுகளில் இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடாகும். பழைய கோயில் காடுகளில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். ஆக, இங்கே புல் என்பதே மேய்ச்சல் உண்டாக்கிய ஒன்று. தபத்காவ், சங்கரநாராயண் இருவரும் 1973-ல் இந்தியாவின் புல்போர்வை பற்றி எழுதிய நூலில் நாட்டின் பெரும்பாலான புல்வெளிகளை இப்படித்தான் பார்த்தார்கள்: மேய்ச்சலும் வெட்டும் தீயும் காடாக விடாமல் நிறுத்திவைத்த நிலங்கள். மாடு இல்லாவிட்டாலும் புல் போகும், மாடு மிஞ்சினாலும் புல் போகும். இரண்டுக்கும் நடுவில் நிலத்தை நிறுத்தி வைத்திருந்தது எது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு ஒரு புல் தூரைப் பிடித்துப் பார்க்கலாம். கொழுக்கட்டைப் புல்லை எடுத்துக்கொள்வோம். மாடு இழுத்துக் கடித்த தாளின் முனை பிய்ந்திருக்கும்; நாலு நாள் கழித்துப் போனால் பிய்ந்த முனை அப்படியே இருக்க, இலை கீழிருந்து நீண்டு வந்திருக்கும். வளரும் இடம் அடியில், மண்ணையொட்டி, வாய்க்கு எட்டாமல் இருப்பதுதான் ரகசியம். புதர்ச்செடியின் குருத்து கிளையின் நுனியில் இருக்கிறது, கடித்தால் நஷ்டம். கடிபடுவதற்கென்றே அமைந்தது புல். அதற்கும் எல்லை உண்டு. க்ரைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் புற்களைப் பல அளவுகளில் வெட்டி, வேரைக் கண்ணாடி வழியே கவனித்து 1955-ல் முடிவைச் சொன்னார். இலையில் பாதிக்குள் வெட்டினால் வேர் வழக்கம்போல் வளர்கிறது. அதற்கு மேல் போனால் வேர்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன. எண்பது, தொண்ணூறு சதவீதம் போய்விட்டால் ஏறத்தாழ இரண்டு வாரம் ஒரு வேரும் நகர்வதில்லை. நின்ற வேர் நீளும் முன்பே மறுபடி கடிபட்டால், தூர் ஆண்டுக்காண்டு சுருங்கும். அந்த இடத்துக்கு முதலில் துடைப்பப்புல் போன்ற, மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் புற்கள் வரும். பிறகு ஆவாரை. அதன் பிறகு முள்.

எவ்வளவு கடித்தது என்பதைவிட எப்போது கடித்தது, எத்தனை நாள் விட்டது என்பதுதான் பெரிது. இலை விட்டு, பூத்து, விதை கொட்டும்வரை தள்ளி வைத்தால், அப்புறம் காய்ந்த தாளை மொட்டையடித்தாலும் தூருக்குப் பெரிய கெடுதல் இல்லை. இதை 1922-லேயே ஜார்டைன், ஃபோர்ஸ்லிங் இருவரும் ஹோர்னாடா மாட்டுக்காரர்களுக்குச் சொன்னார்கள்: கறுப்பு கிராமாப் புல் பச்சையாக வளரும் கோடையில் அதன்மேல் பாரத்தைக் குறையுங்கள், அது உறங்கும் காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

இந்த விதியைத் திருக்கழுக்குன்றத்து ஆண்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் சங்கடம் புரியும். இங்கே மூன்று நெல் போகம்: சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி தையில் தொடங்கும் நவரை. ஏரியில் தண்ணீர் உள்ள ஊர்களில் ஆவணி முதல் பங்குனிவரை கழனியில் ஏதாவது ஒரு பயிர் நிற்கும். மாடு வரப்பில் கால் வைத்தால் சண்டை. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் உள்வாயும் தண்ணீருக்குள் போய்விடும். மாமல்லபுரம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் கன்று நட்டிருந்தால் அங்கேயும் கதவு சாத்து. 1882-ன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு குன்றுகளில் பல காப்புக்காடுகளாகிவிட்டன. அங்கே சட்டப்படி நுழைய அனுமதி வேண்டும். ஆக, மழைக்காலத்தில் ஊர்க் கால்நடை முழுவதும் போய்ச் சேரும் இடம் மேய்க்கால் மேடு, மலையடிவாரம், சாலையோரம், ஏரிக்கரையின் வெளிச்சரிவு. மேட்டுப் புல் இலை விடுவது ஆடி, ஆவணியில். பூத்து விதைப்பது ஐப்பசியிலிருந்து மார்கழிவரை. புல்லை விட்டுவைக்க வேண்டிய மாதங்களில்தான் எல்லா வாயும் அதன்மேல் இருக்கின்றன. பங்குனிக்குப் பிறகு, சொர்ணவாரி போடாத கழனியும் வற்றிய ஏரியும் திறந்துகொள்ளும், மந்தை கீழே இறங்கும். மேடு அப்போதுதான் ஓய்வெடுக்கும்; காய்ந்த தூருக்கு அந்த ஓய்வு எதற்கு?

மேய்க்கிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? தெரியும்; நிலம்தான் அவர்கள் கையில் இல்லை. ‘சென்னைச் சிவப்பு’ என்று பதிவேட்டில் பெயர் பெற்ற செம்மறி இந்தச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்துக்கே உரியது. கம்பளி இல்லாத, செம்பழுப்பு மயிர் ஆடு. மாமிசத்துக்காக வளர்க்கிறார்கள். அதன் தரத்தை உயர்த்தக் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் கிடா தேர்வு நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆடு எதைத் தின்று வளர்கிறதோ அந்தப் புல்லுக்கு எந்தத் திட்டமும் கிடையாது. ஆட்டுக்கு அக்கறை காட்டும் துறை வேறு, மேய்க்கால் நிலம் வைத்திருக்கும் துறை வேறு, குன்று வைத்திருக்கும் துறை வேறு. செம்மறி வைத்திருப்பவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. அவர்கள் மந்தையை அறுத்த கழனியில் இரவு தங்க வைத்து, எருவுக்குக் கூலியாக நெல்லோ பணமோ வாங்கி வந்தார்கள். ரசாயன உரம் வந்த பிறகும் அது அற்றுப்போய்விடவில்லை.

பருவம் பார்த்து மேய்ப்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பள்ளி இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடு. அங்கே மழை செங்கல்பட்டின் பாதி அளவுதான். சரளை மண். சுற்றிலும் முள்கிளுவையை நெருக்கி நட்டு உயிர்வேலி கட்டியிருப்பார்கள். உள்ளே தரை முழுவதும் கொழுக்கட்டைப் புல், ஊடே நரிப்பயறு போன்ற கொடிகள், ஆங்காங்கே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். ஒருவரிடம் இப்படிப் பல அடைப்புகள் இருக்கும். காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் ஓர் அடைப்பில் கொஞ்ச நாள், அடுத்ததில் கொஞ்ச நாள் என்று மாறிக்கொண்டே போகும். வேலி இருப்பதால் மேய்க்க ஆள் வேண்டாம். மழை பெய்ததும் உடனே மாட்டை விடாமல், புல் எழும்பி நிற்கும்வரை கதவடைத்து வைப்பார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை உழுது கொள்ளோ சோளமோ விதைத்து மண்ணைப் புரட்டிப்போடுவதும் உண்டு; அப்போது தூர்கள் புதுப்பிக்கப்படுகின்றன. நூறாண்டுக்கு மேலாகப் பஞ்சம் பார்த்த அந்தப் புல் இன்றும் இருக்கிறது. ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: கொரங்காடு தனியார் சொத்து. கதவைச் சாத்த ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது. செங்கல்பட்டின் மேய்க்கால் எல்லாருக்கும் சொந்தம், சாத்தக் கதவும் இல்லை, சாத்துகிறவரும் இல்லை.

இந்தத் திறந்த கதவு வழியாகத்தான் வேலிக்காத்தான் உள்ளே வந்தது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் 1876-ல் இதன் விதையை வரவழைக்கக் கேட்டார். 1877-ல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம் அது. விறகுக்கும் வெட்டவெளிக்கும் ஒரு மரம் என்று யோசித்ததில் தப்பில்லை. பிறகு ஒவ்வொரு வறண்ட நிலத்துக்கும் இதையே மருந்தாக எழுதிக்கொடுத்ததுதான் வினையானது. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பன்னி என்ற புல்வெளி உண்டு, சுமார் 2500 சதுர கிலோமீட்டர். உப்புமண் பரவாமல் தடுக்க 1960-களின் தொடக்கத்தில் அங்கே வனத்துறை முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் இதை நட்டது. இன்று பன்னியின் பெரும்பகுதி முள். மால்தாரி மேய்ப்பர்கள் நெற்றைத் தின்று நோயுற்ற காங்கிரெஜ் மாடுகளைக் குறைத்துக்கொண்டு எருமைகளைப் பெருக்கினார்கள். நெற்றில் உள்ள ஆல்கலாய்டுகள் அளவு மிஞ்சினால் தாடையை அசைக்கும் நரம்பணுக்களைத் தாக்குகின்றன. மாடு மெல்ல முடியாமல் முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கும். பிரேசிலில் இதற்கு ‘கோணல் முகம்’ என்றே பெயர். கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பகுதியில் 1980-களில் வளர்ச்சித் திட்டமொன்றின் பேரில் இந்த மரத்தை நட்டார்கள். 2006-ல் அந்த ஊர் மக்கள் அரசின் மீது வழக்குப் போட்டு, இனிப்பு நெற்று தின்று பல்லை இழந்த ஓர் ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாக ஓட்டிவந்தார்கள்.

நம்மூரிலும் நீதிமன்றம் தலையிட்டது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி அடுத்தடுத்து உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்க ஒரு கொள்கை வெளியிட்டது. இடையில் வாட்ஸாப்பில் ஒரு புராணமும் பரவியது: இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டும், அடியில் கட்டிய பசு மலடாகும் என்று. இரண்டுக்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. இதன் வேர் ஆழம் போவது உண்மை; அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மெஸ்கீட் வேரை 175 அடி ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். புல்லை நெருங்கவிடாமல் நிழலும் சருகும் போடுவதும் உண்மை. இந்த உண்மைகளே போதும். பேய்க்கதை சேர்த்தால் வெட்டுகிற வேகம்தான் கூடும், வெட்டிய பிறகு என்ன செய்வது என்ற யோசனை கூடாது.

வெட்டினால் மட்டும் சாகிற மரமும் இல்லை இது. தரையோடு அறுத்தால், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் முகைகள் விழித்து ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாக எழும். தூரையும் கழுத்துவேரையும் தோண்டியெடுக்க வேண்டும். ஜேசிபி வைத்துத் தோண்டிவிட்டு அப்படியே போனால், புரட்டிய மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைகள் முதல் மழைக்கே முளைக்கும். ஏரி உள்வாய்களில் ஏலம் விட்டு வெட்டி, மூன்று நாலு ஆண்டில் மீண்டும் ஏலம் விடும் அளவுக்கு வளர்வதை இந்த மாவட்டத்தில் பார்க்கலாம். ஏலக்காரருக்கு அது நஷ்டமும் இல்லை. விறகுக்கும் கரிக்கும் சூளைக்கும் போகும் மரம். இருளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வெட்டுக் கூலிதான் பிழைப்பு. மீட்பு என்று திட்டம் போடுகிறவர்கள் அவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது பாதித் திட்டம்.

அகற்றிய நிலத்தில் அதே மழைக்குள் வேறொன்று தரையைப் பிடித்தாக வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதையைச் சாணமும் மண்ணும் பிசைந்து உருண்டையாக்கித் தூவலாம். உள்வாயில் அருகும் கோரையும் தாமாக வரும். அடுத்த இரண்டு மழைக்காலம் வேலிக்காத்தான் முளைகளைக் கையால் பிடுங்க வேண்டும். விரலுயரத்தில் பிடுங்கினால் வந்துவிடும், முழங்கால் உயரம் போனால் கடப்பாரை கேட்கும். நெற்றுக் காலத்தில் நெற்றைக் கூட்டி அள்ளி, காயவைத்து, விதையோடு சேர்த்து அரைத்துத் தீவனத்தில் கலந்தால் அது முளைக்காது. அளவோடு கொடுத்தால் நல்ல தீனியும்கூட. நெற்றுக் காட்டில் மேய்ந்த மாட்டைச் சுத்தம் செய்த நிலத்துக்குள் விடுவதற்கு முன் ஒரு வாரமாவது கட்டி வைத்துத் தீனி போட வேண்டும். விதை முழுக்க வெளியேற அவ்வளவு நாளாகும்.

மேய்ச்சல் நிலம் என்றால் அதை நம்பியிருந்தவை கால்நடை மட்டும் அல்ல. வேதகிரி மலைமேல் தினமும் உச்சிப்பொழுதில் வந்து கோயில் பிரசாதத்தைத் தின்றுபோன இரண்டு பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். செத்த மாட்டையும் சாணத்தையும் கிளறிப் பிழைக்கும் இனம். 1990-களோடு அவை வருவது நின்றுவிட்டது. இந்தியா முழுவதும் பாறுகளைக் கொன்றது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி என்று தெரிந்து, 2006-ல் கால்நடை மருத்துவத்தில் அதைத் தடைசெய்தார்கள். அது தனிக்கட்டுரைக்குரிய கதை.

இப்போது கணக்கே மாறிக்கொண்டிருக்கிறது. செங்கல்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம் மூன்றுக்கும் நடுவில் கழனிகள் மனைகளாகிவிட்டன. கல் நட்டு, வண்ணம் பூசி, வாங்கியவர் வீடு கட்டாமல் பத்தாண்டு கிடக்கும் மனையில் முதலில் குடியேறுவது வேலிக்காத்தான்தான். மாடுகள் அங்கேயும் நுழைகின்றன. வரப்புச் சண்டை குறைந்திருக்கிறது, முள் கூடியிருக்கிறது. நெல் விளையும் கழனிகளிலும் அறுவடை இயந்திரம் ஓடிய பிறகு வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுருட்டி வண்டியேற்றிவிடுகிறார்கள்.

ஒரு பஞ்சாயத்து தன் மேய்க்கால் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை மட்டும் ஆடியிலிருந்து மார்கழி முடியும்வரை அடைத்து வைத்தால், புல்லுக்குத் தேவையான ஓய்வு மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது கிடைத்துவிடும். செய்யக்கூடியதுதான். ஆனால் அந்த ஆறு மாதம் அங்கே மேய்ந்த ஆடுமாடு எதைத் தின்னும்? நிலமுள்ளவர் வரப்பில் வேலிமசாலும் ஏற்றத்தண்ணீரில் கம்பு நேப்பியரும் போட்டுச் சமாளித்துக்கொள்வார். முப்பது செம்மறியை வைத்துக்கொண்டு நிலமில்லாமல் இருப்பவருக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். ஏரி உள்வாயில் வெட்டும் வேலிக்காத்தான் ஏலப் பணத்தில் ஒரு பகுதியை வைக்கோலாக வாங்கி, மழைக்கு முன்பே ஊர்ப் பொதுக் களத்தில் போராகப் போட்டு, அடைத்த பங்கில் மேய்ந்து வந்த மந்தைகளுக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பது ஒரு வழி. ஏலப் பணம் இப்போது வேறு தலைப்பில் போகிறது. அதைத் திருப்ப கிராமசபையில் ஒரு தீர்மானமும், ஏரி எந்தத் துறையிடம் இருக்கிறதோ அந்தத் துறையின் ஒப்புதலும் வேண்டும்.